வெங்காயத்துக்குப் பிரேக், நமக்கு?



பாடசாலை விடுமுறையில் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் உறவினர் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி, காங்கேசன்துறை வீதியோரம் ஒரு கராச். யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய ஊர் யாழ்ப்பாணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், பழைய வண்டிகளைக் காப்பாற்றும் அந்தக் கைவேலைக்கு நாடெங்கும் தேவை கூடியது.

அன்று அங்கே ஒரு பழைய பிக்கப் நின்றது. வெங்காய மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றிவர, அதன் பின்னால் பூட்டும் டிரெயிலர் பெட்டிக்கு லைட்டும் பிரேக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். உரிமையாளரின் அண்ணன் கனடாவிலிருந்து மின்பிரேக் அச்சும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் அனுப்பியிருந்தாராம்.

வேலை செய்த பாஸ் பொறுமையாக விளக்கினார். பெட்டியின் வயரைப் பிக்கப்பின் பின்லைட் வயரோடு முறுக்கிவிட்டால் பழைய வயர் சுமை தாங்காது, பியூஸ் போகும். ஆகவே பற்றரியிலிருந்து பியூஸ் வழியாகத் தனி வயர் இழுத்து, ரிலே வைத்துப் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். எர்த்துக்கும் தனி வயர் வேண்டும். துருப்பிடித்த கொக்கியை நம்பக்கூடாது. பிரேக் கருவிக்குப் பற்றரியிலிருந்து தடித்த வயர் ஒன்று. பிரேக் மிதியின் சுவிட்சிலிருந்து இன்னொன்று. பிக்கப் வேகம் குறைவதைக் கருவி உணர்ந்து, அந்த அளவுக்குப் பெட்டிச் சில்லுக்குள் இருக்கும் காந்தத்துக்குக் கரண்ட் அனுப்பும். பெட்டியிலும் ஒரு சிறு பற்றரி. கொக்கி கழன்றால் ஒரு கம்பி ஊசியை இழுக்கும். பெட்டி தானே பிரேக் பிடிக்கும்.

"வெங்காயத்துக்கா இவ்வளவும்?" என்று கேட்டேன்.

"வெங்காயத்துக்கில்லை ரீச்சர். பெட்டி தள்ளினா முன்னால இருக்கிறவன்தானே போவான்" என்றார்.

வரும் வழியெல்லாம் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் நினைவுதான். தரம் 9. போன மழைக்காலத்தில் மூன்று வாரம் பாடசாலைக்கு வரவில்லை. தூரத்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன அம்மா, டிரெக்டர் பெட்டியில் திரும்பி வரும்போது இறக்கத்தில் பெட்டி சறுக்கி, கால் முறிந்து படுக்கையில். தம்பியையும் அடுப்பையும் பார்த்தது இந்தப் பிள்ளை. அந்தப் பெட்டிக்குப் பிரேக்கும் இல்லை, பின்லைட்டும் இல்லை. "டிரைவர் கவனயீனம்" என்று எழுதிக் கதையை முடித்தார்கள்.

டிரைவர் என்ன செய்வார்? வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். பிரேக் இல்லாத பெட்டியின் பாரம் முழுவதையும் முன்னால் உள்ள டிரெக்டர்தான் தாங்க வேண்டும். ஈரப் பாதையில் அது முடியாதபோது பெட்டி பின்னாலிருந்து தள்ளும்; டிரெக்டர் பக்கவாட்டில் மடியும். மலைப்பாதையில் அதற்கப்பால் பள்ளம். குறை வண்டியில். வண்டி நிர்வாகத்தினுடையது.

மருதனார்மடத்துக் கருவியை அப்படியே நம் டிரெக்டர்களுக்குப் பூட்ட முடியாது. அவற்றுக்கேற்ற பிரேக் முறை வேறு. ஆனால் இழுபடும் பெட்டிக்கும் சொந்தப் பிரேக் வேண்டும் என்ற நியாயம் ஒன்றுதான். இருபது பெண்கள் உட்காரும் பெட்டிக்கு, வெங்காயப் பெட்டிக்குக் கிடைத்த கவனமாவது கிடைக்க வேண்டாமா?

ஆட்களை ஏற்ற முறையான வாகனம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அது வரும்வரை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதமே செய்ய வேண்டியவை:

பிரேக், பின்லைட், சிக்னல், கொக்கி ஊசி, பாதுகாப்புச் சங்கிலி ஆகிய ஐந்தையும் தலைவரும் டிரைவரும் சேர்ந்து பார்த்துக் குறித்து வையுங்கள். குறையை வாயால் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். கொழுந்து மூட்டைக்கு மேல் யாரும் ஏற வேண்டாம். பிரேக் இல்லாத பெட்டியில் ஆட்களை ஏற்ற மறுக்கும் டிரைவரோடு முழுத் தோட்டமும் நிற்க வேண்டும். திருத்தும் செலவு நிர்வாகத்தினுடையது. நம் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்ட விடக்கூடாது.

விபத்து நடந்தால் அன்றே சங்கத்துக்கு அறிவியுங்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நமக்கும் உரியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் அதற்குள் அடங்கும். "வேலை நேரத்தில் நடக்கவில்லையே" என்று யாராவது சொன்னால் திரும்பி வராதீர்கள்.

அந்தத் தாய் இப்போது தடியூன்றி நடக்கிறார். பிள்ளை மறுபடி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக் காலை பெரட்டு முடிந்து பெட்டியில் கால் வைக்குமுன், கீழே குனிந்து சில்லைப் பாருங்கள். பிரேக் இருக்கிறதா என்று உரக்கக் கேளுங்கள்.