இறக்கைக்கு நரம்பு முளைத்துவிட்டதா?

'விமானத்திற்கு நரம்பு மண்டலம் வந்துவிட்டது. இனித் தன் நோயைத் தானே சொல்லிவிடும்' என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க இனிமைதான். ஆனால் இது பாதி உண்மை என்பதே என் கருத்து.

கரியிழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிய கூட்டுப்பொருள் அலுமினியத்தைவிட இலேசானது. போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி இதுதான். இதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கனமான கருவி ஒன்று மேலே விழுந்தால், அலுமினியத் தகடு நெளிந்து காட்டிக்கொடுக்கும். இதுவோ வெளியே ஒன்றும் தெரியாமலிருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கும்.

இங்கேதான் ஒளியிழை வருகிறது. முழு அக எதிரொளிப்புப் பாடத்தில் படித்தீர்களே, அதே மெல்லிய கண்ணாடி இழை! அதன் உள்ளகத்தில் ஒளிவிலகல் எண்ணைப் புற ஊதாக் கதிரால் சீரான இடைவெளிகளில் மாற்றினால் ஒரு கீற்றணி உண்டாகும். அது ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பியனுப்பும். இழை நீண்டால் இடைவெளி விரியும். அந்த அலைநீளமும் கூடும். 1550 நானோமீட்டர் ஒளியில், பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சிக்குச் சுமார் 1.2 பிகோமீட்டர் மாற்றம். அதையும் அளந்துவிடுகிறார்கள்!

நாசாவின் ஹீலியோஸ் என்ற ஆளில்லா விமானம் 2003 ஜூனில் ஹவாய் அருகே பறந்தபோது, அதன் நீண்ட இறக்கை மேல்நோக்கி மிகவும் வளைந்து, ஆட்டங்கண்டு, உடைந்து கடலில் விழுந்தது. 2008இல் இகானா என்ற இன்னொரு விமானத்தின் இறக்கைகள்மேல் ஆறே இழைகளை ஒட்டி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் திரிபை அளந்தார்கள். பறக்கும்போதே இறக்கையின் வளைவு தெரிந்தது. அருமையான வேலை!

ஆனால் வளைவை அறிவது வேறு, காயத்தை அறிவது வேறு. ஒரு டிகிரி சூடு ஏறினாலே அலைநீளம் சுமார் 10 பிகோமீட்டர் நகரும். நீட்சிக்குக் காரணம் பாரமா, வெயிலா? பாரம் தாக்காதபடி தளர்வாக வைத்த இன்னொரு கீற்றணி பக்கத்தில் இருந்தால் பிரித்தறியலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பத்துத் தாள்களை ஒட்டிச் செய்த அட்டையையும், ஒட்டாத பத்துத் தாள்களையும் இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தாங்கும். நுனிகளை அமுக்கினால்தான் ஒட்டாத தாள்கள் மடங்கும். அடுக்கு பிரிந்த இறக்கையும் அப்படித்தான். இழுவிசையில் திரிபு பெரிதாக மாறாது. கீற்றணியோ பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் நீளந்தான். ஒரு சாண் தள்ளியிருக்கும் காயம் அதற்கு எட்டாமலே போகலாம்.

ஆகவே, இழைகளை நம்பி, தரையில் மீயொலியால் செய்யும் சோதனையை நிறுத்திச் செலவைக் குறைக்கலாம் என்ற யோசனையை இப்போதைக்கு நான் ஏற்கமாட்டேன்.