தண்ணீர் வந்தது, பற்களுக்கு என்ன வழி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013-ல், ஜப்பானியக் கடனுதவியுடன், ஒகேனக்கல் குடிநீர் வந்து சேர்ந்தது. கிணற்று நீரில் மிகுந்திருந்த ஃப்ளோரைடு உப்பிலிருந்து ஜனங்களைக் காப்பது இதன் முக்கிய நோக்கம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அந்த உப்பு ஆகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. நல்ல காரியந்தான். ஆனால், முன்பே பழுப்பேறிய பற்களின் கதி?

ஞானப் பல் நீங்கலாக, மற்றப் பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. அப்போது நேர்ந்த கோளாறு, பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது. 'பல் விளக்காத பயல்' என்று ஏசுவது அநியாயம். செங்கற்பொடி கொண்டு தேய்த்தாலோ, கறை போகாது, பல்தான் தேயும்!

பரிகாரம் இல்லாமலில்லை. லேசான கறையைப் பல் வைத்தியர் அமிலக் கலவையால் தேய்த்து எடுப்பார். குழி விழுந்த பல்லுக்குப் பல் நிறத்திலேயே பூச்சு. மிகவும் சிதைந்ததற்கு உறை. இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்கள், பெண் பார்க்க வந்தவர்கள் முன் வாய் பொத்தி நிற்கும் பெண்ணைக் கேட்கட்டும். பூச்சும் உறையும் ஆயுள் முழுதும் நிற்பவையல்ல. இடையிடையே மாற்ற வேண்டும். கூலிக்காரர் வீட்டுக்கு அது கட்டுமா? தண்ணீருக்குச் செலவிட்ட சர்க்கார், அம்மாவட்டங்களின் தாலுகா ஆஸ்பத்திரிகள் வரையில் இந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வழி செய்ய வேண்டும்.