இருட்டறைச் சுதேசி

பரோடாவில் செய்த ஆக்பா கிளிக் காமிரா நம்மவர் பலர் வீட்டுப் பரணில் இன்னும் உறங்குகிறது. பன்னிரண்டு கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்தபின் பிலிமைக் கழுவுவது யார் என்று நேயர்கள் கேட்கலாம். நாமேதான்!

முழு இருட்டில் பிலிமைச் சுருளில் ஏற்றித் தொட்டியில் மூடிவிட்டால், மிச்சமெல்லாம் வெளிச்சத்து வேலையே. டெவலப்பருக்கு 20 டிகிரி உஷ்ணமே உகந்தது. சங்கரன்கோவில் கோடையிலோ குழாய் ஜலம் 30-ஐ எளிதில் தாண்டும். ஆகவே பாத்திரத்தைப் பனிக்கட்டி ஜலத்தில் நிறுத்துவது அவசியம். இல்லையேல் பிலிம் அளவுக்கு மீறிக் கறுக்கும், மேற்பூச்சும் இளகும். அடுத்து ஹைப்போ. இறுதியில் அலம்புவதற்கு ஓடும் ஜலம் வேண்டியதில்லை. தொட்டியில் மூன்று முறை புது ஜலம் நிரப்பி, முறையே 5, 10, 20 தடவை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். ஜலக் கஷ்டம் அறிந்த நம் சீமைக்கு ஏற்ற முறை!

குளிர்ச்சியையும் தூசியற்ற காற்றையும் நாடியே 1960-ல் தோன்றிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உதகைக்குப் போயிற்று. அதன் ‘இந்து’ பிலிம் நமது சொந்தச் சரக்கு. அவ்வாலை மூடப்பட்டுவிட்டது, இன்று அயல்நாட்டுப் பிலிமையே வாங்குகிறோம். சரக்குப் போயிற்று, கைத்திறனும் போகவேண்டுமா? இவ்விடுமுறையில் குழந்தைகளுக்கு ஒரு சுருளேனும் கழுவக் கற்றுக்கொடுங்கள்.