கடிகாரம் பாடம் நடத்துமா?



ரயில்வேயில் இருக்கும் நமக்கு மணிக்கணக்கின் சூது புதிதல்ல. ரயிலை எதிர்பார்த்துக் கண்விழித்து நிற்கும் கேட் கீப்பர்கள் பலரை ‘இடைவிட்ட பணி’ என்று வகைப்படுத்தி, கூடுதல் மணி நேரம் வேலை வாங்குகிறார்கள். காத்திருப்பது வேலையில்லையாம்! அதே கணக்கு நம் பிள்ளைகளின் கல்லூரிக்குள்ளும் நுழைந்துவிட்டது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளைப் பாருங்கள். உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம், பேராசிரியர் 14 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். சரி; வகுப்புக்கே வராத ஆசிரியருக்காக நாம் வாதாடவில்லை. ஆனால் கற்பித்தலை எப்படி மதிப்பிட்டார்கள்? ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதம் எடுத்தால் ‘நன்று’. 70க்குக் கீழே போனால் ‘திருப்தியில்லை’. கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குப் புரிந்ததா என்ற கேள்வியே அந்தக் கணக்கில் இல்லை!

2016 மே மாதத்தில் வகுப்பு மணிகளைக் கூட்ட ஆணை வந்தது. மணி கூடினால் ஆள் குறையும். முதலில் வேலை போவது தற்காலிக ஆசிரியருக்கு. டில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்த மறுத்துப் போராடினார்கள். அந்த மாதமே அரசு பின்வாங்கியது.

2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு மானியக் குழு நிர்ணயித்தது வகுப்புக்கு 1,500 ரூபாய். மாதத்துக்கு 50,000க்கு மேல் கூடாது. பாடம் தயாரிக்க, கட்டுரை திருத்த, வராந்தாவில் நின்று சந்தேகம் தீர்க்கத் தனிக் கூலி கிடையாது. கேட் கீப்பர் கதையேதான்!

நஷ்டம் யாருக்கு? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போகும். பத்தாவது தேறிய குமாஸ்தாக்களும், சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் நம் பெண்களும் என்ன சொல்லித்தர முடியும்? வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பரீட்சையில் ஆங்கிலம் என்று திண்டாடும் நம் பிள்ளைக்கு, வகுப்பு முடிந்தபின் ஆசிரியர் ஒதுக்கும் அரைமணி நேரம்தான் உயிர். அந்த அரைமணிக்குத்தான் கணக்கில் இடமில்லை.

ஆகவே ஆசிரியரின் போராட்டம் நம் போராட்டமே. சேர்க்கைக்குப் போகும்போது கட்டணத்தை மட்டும் விசாரித்துத் திரும்பாதீர்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? திருத்திய தாள் எத்தனை நாளில் திரும்பும்? முதல் ஆண்டிலேயே படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர்? கேளுங்கள். பதில் வராவிட்டால் நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். தரத்தின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.