ஆற்றங்கரையில் நாலு நாள்

"என் மகன் ஒரு வண்டி வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறான். கோடை விடுமுறையில் யோசெமிட்டி ஆற்றங்கரையில் நாலு நாள் தங்கப் போகிறோமாம். கடை கிடையாது, டி.வி. கிடையாது. நாலு வயதுப் பேத்தி வேறு. அங்கே எனக்கு எப்படிப் பொழுது போகும்?" என்று அமெரிக்கா புறப்படும் ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார்.

சகோதரி, இதே கேள்வியை நானும் என் மகளிடம் கேட்டவள்தான். போன வருடம் ஜூன் முதல் வாரம் நாங்கள் அங்கே தங்கினோம். திரும்பும் நாளன்று, "இன்னும் ரெண்டு நாள் இருக்கலாமே" என்று முதலில் சொன்னதும் நான்தான்!

யோசெமிட்டி, கலிபோர்னியா மாநிலத்தில் சியெரா நெவாடா மலைக்குள் இருக்கிறது. 1890-லேயே தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். சுமார் 4,000 அடி உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதன் நடுவே மெர்செட் ஆறு. கரையை ஒட்டி பைன் மரங்களுக்கு இடையே வண்டிகள் நிற்கும் முகாம்கள் இருக்கின்றன. அடுப்பு, ஃபிரிட்ஜ், படுக்கை, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே உண்டு. ஆனால் பள்ளத்தாக்கு முகாம்களில் மின்சார இணைப்பும் குழாய் இணைப்பும் கிடையாது. தொட்டியில் நிரப்பிக் கொண்டு போகும் தண்ணீர்தான் கணக்கு.

சமையல்

ஜெனரேட்டரை காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 ஆகிய நேரங்களில்தான் ஓட்டலாம். மற்ற நேரத்தில் மிக்ஸியை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை இவற்றை வீட்டிலேயே தயார் செய்து எடுத்துப் போங்கள். எங்களுக்கு ஒரு வேளை ரவை உப்புமா, ஒரு வேளை புளியோதரை, இராத்திரி தயிர் சாதம். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆற்றுக் காற்றில் பசி அப்படி!

பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுப் பிறகு கழுவினால் தண்ணீர் பாதிதான் செலவாகும். ஆறு பக்கத்தில்தானே என்று பாத்திரத்தையோ துணியையோ எடுத்துக் கொண்டு இறங்கிவிடாதீர்கள். ஆற்றில் சோப்புப் போடக் கூடாது. வண்டியின் கழிவுநீரையும் அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் கொட்ட வேண்டும். காவிரிக் கரையில் துணி துவைத்துப் பழகிய எனக்கு முதல் நாள் கை துறுதுறுத்தது. அடி மணல் வரை தெரியும் அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு, சட்டம் சரிதான் என்று தோன்றிவிட்டது.

கரடி வீட்டுப் பக்கம்

அங்கே கரடிகள் உண்டு. சாப்பாட்டு வாசனைக்கு வரும். ஒவ்வோர் இடத்திலும் கனமான இரும்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, ஷாம்பு, ஏன், நம் தேங்காய் எண்ணெய் பாட்டில்கூட வாசனைப் பொருள்தான். வெளியே எதையும் வைக்கக் கூடாது. கெட்டிச் சுவர் வண்டியானால் உள்ளே கண்ணில் படாமல் வைத்து, வெளியே போகும்போது சன்னல்களை முழுக்க மூடிவிட வேண்டும். அணிலுக்கு ஒரு கடலை போடலாமே என்ற ஆசையையும் அடக்கிக் கொள்ளுங்கள். அதற்கும் தடை உண்டு.

பொழுது எப்படிப் போகும்?

காலையில் ஆற்றோரம் அரை மணி நடை. மான்கள் புல் மேய்ந்து கொண்டிருக்கும். பிறகு இலவச பஸ்ஸில் ஏறினால் பள்ளத்தாக்கைச் சுற்றி வரலாம். 2,425 அடி உயர யோசெமிட்டி அருவியின் அடிவாரத்துக்கு என்னைப் போல் முழங்கால் வலிக்காரர்களும் நடந்து போகலாம். மே, ஜூனில் போனால்தான் அருவி முழு வேகத்தில் விழும். ஆகஸ்டில் பெரும்பாலும் வற்றிவிடும். எல் காப்பிட்டான் என்ற சுமார் 3,000 அடிச் செங்குத்துப் பாறையில் மனிதர்கள் எறும்பு மாதிரி ஏறுவதைப் பைனாகுலரில் பார்த்தால் நமக்குத்தான் கை வியர்க்கும்.

பிள்ளைகளுக்கு 'ஜூனியர் ரேஞ்சர்' புத்தகம் வாங்கிக் கொடுங்கள். மரம், பறவை, சுவடு என்று பார்த்துப் பார்த்து நிரப்பினால் உறுதிமொழி வாங்கிக் கொண்டு பேட்ஜ் தருவார்கள். என் பேரன் அதைத் தூங்கும்போதும் கழற்றவில்லை.

மாலையில் ஹாஃப் டோம் பாறை ஆரஞ்சு நிறமாக மாறும் அழகைப் பார்த்துவிட்டு, கணப்பு மூட்டி உட்காரலாம். கோடையில் மாலை 5 முதல் இரவு 10 வரைதான் அனுமதி. சுள்ளி பொறுக்கக் கூடாது. விறகைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

அந்த மூன்றாம் நாள் காலை

இவ்வளவு சொன்ன நான், ஒன்றை மறைத்தால் அது நியாயமில்லை.

மூன்றாம் நாள் காலை நான் உப்புமா கிளறிக் கொண்டிருந்தேன். ஐந்து வயதுப் பேரன், "பாட்டி, வெள்ளைக் கல்லு எடுத்துட்டு வரேன்" என்று ஓடினான். அம்மா பார்த்துக் கொள்கிறாள் என்று நான் நினைத்தேன். பாட்டி பார்த்துக் கொள்கிறாள் என்று மகள் நினைத்தாள். மாப்பிள்ளையோ எங்கள் இருவரையும் நம்பியிருந்தார்.

கரையில் கிடந்த மரக்கட்டை மேல் கால் வைத்தவன் வழுக்கி உள்ளே விழுந்தான். சத்தமே இல்லை. தற்செயலாகத் திரும்பிய மாப்பிள்ளை பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், அழுகை வரவில்லை. அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

அது அன்றைய மலைப்பனி உருகி வந்த தண்ணீர். அத்தனை குளிர்ந்த நீர் சட்டென்று உடம்பில் பட்டால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அந்தச் சமயம் முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீரும் உள்ளே போய்விடும். நீச்சல் தெரிந்த பெரியவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும்.

நல்லவேளை, அவன் தண்ணீர் குடிக்கவில்லை. ஈரத் துணியைக் கழற்றி, துடைத்து, மகள் தன் மார்போடு அணைத்துக் கம்பளியால் மூடினாள். தலைக்குக் குல்லா போட்டு, நடுக்கம் குறைந்ததும் வெதுவெதுப்பான பால் கொடுத்தோம். இப்படிப்பட்ட நேரத்தில் கை கால்களைச் சூடு பறக்கத் தேய்க்கக் கூடாது. நடுக்கம் நிற்காவிட்டாலோ, குழந்தை சோர்ந்து தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 911-ஐ அழைக்க வேண்டும். தண்ணீர் குடித்திருந்து, பிறகு விடாத இருமலோ மூச்சுத் திணறலோ வந்தாலும் டாக்டரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

அன்று முதல் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வந்தது. ஒரு சிவப்புத் தொப்பி. அது யார் தலையில் இருக்கிறதோ, அவர்தான் பிள்ளைக்குக் காவல். கையில் புத்தகம் கூடாது, போன் கூடாது, கரண்டியும் கூடாது. கை நீட்டினால் பிள்ளையைத் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். அடுத்தவரிடம், "இப்ப நீ பார்த்துக்கோ" என்று வாயால் சொல்லி, தொப்பியையும் மாற்றிய பிறகுதான் நகரலாம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். கல்யாண வீட்டுக்கும் கோயில் குளத்துக்கும்கூட இது பொருந்தும்.

ரப்பர் படகில் போக ஆசைப்பட்டால், தண்ணீர் வேகம் குறைந்து, படகுக்கு அனுமதி திறந்த பிறகு போங்கள். ஆளுக்கொரு மிதவைச் சட்டை வேண்டும். 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதைப் போட்டே ஆக வேண்டும். காற்றடித்த கைவளையங்கள் விளையாட்டுப் பொருள்தான், அவற்றை நம்பிவிடாதீர்கள்.

ஆகவே, சகோதரி, பயப்படாமல் போய் வாருங்கள். பெட்டியில் பருப்புப் பொடிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் தொப்பிக்கும் இடம் வையுங்கள். திரும்பி வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.