வீடும் வாழ்வோரும்

வீடு என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உள. ஒன்று வாழும் மனை. மற்றொன்று பற்று நீங்கியபின் எய்தும் பேரின்பம். இரண்டாவது வீட்டைப் பற்றி நம் புலவர் பேசியது பெரிது. முதலாவது வீட்டைப் பற்றி இக்கால இலக்கிய உலகம் பேசுவது மிகச் சிறிது. மனை கட்டுதல் மேசனுக்கும் தச்சனுக்கும் உரிய காரியம் என்று நாம் ஒதுங்கி நிற்கின்றோம். முன்னோர் அவ்வாறு ஒதுங்கினாரல்லர். நெடுநல்வாடை, அரண்மனை வகுத்த சிற்பியைப் புலவர் என்றே வழங்குகின்றது. நிழல் கொண்டு திசை தேர்ந்து, நூலிட்டு அளந்து, மனை வகுத்த முறையை அது கூறும். வேனிற் காலத்திலே தென்றல் வருதற்கென அமைத்த சாளரங்களை வாடைக் காலத்திலே அடைத்து வைத்த செய்தியும் அதன்கண் உண்டு. காற்றறிந்து கட்டுதலே கட்டடக்கலை என்பதனை அப்பாட்டு நமக்கு உணர்த்துகின்றது.

இன்று உலகெங்கணும் கட்டடக்கலைஞர் வாயில் வழங்குவது நிலைபேறான வடிவமைப்பு என்னுந் தொடர். தொடர் பெரிதாயினும் கருத்து எளிது. ஒரு பொருளை ஆக்குதற்கு எவ்வளவு எரிபொருள் செலவாகின்றது? அது பயன்படுங் காலத்திலே எவ்வளவு செலவாகின்றது? பயன் ஒழிந்தபின் அது எங்கே போய்ச் சேருகின்றது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறிய பின்னரே ஒரு பொருளை ஆக்கவேண்டும் என்பது அக்கருத்தின் சாரம். சீமெந்தை எடுத்துக் கொள்க. அதனைச் சுடுதற்கு ஏறத்தாழ 1450 பாகை வெப்பம் வேண்டும். மனிதர் காற்றிலே கலக்கும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலால் விளைவது என்பர் அறிஞர். சீமெந்தின்றி இக்காலத்தில் வாழ்தல் அரிது. ஆயின் வேண்டாத இடத்தும் அதனைக் கொட்டுதல் அறிவுடைமையாகாது.

அம்மூன்று வினாக்களையும் யாழ்ப்பாணத்துப் பனையோலையிடம் கேட்டுப் பார்ப்போம். ஓலை மரத்திலே தானே விளைவது. ஆக்குதற்கு உலையும் நெருப்பும் வேண்டா. பிளாவாக வளைத்தாற் கூழ் குடிக்கும் கலம். இழைத்தாற் கடகமும் பெட்டியும். மேய்ந்தாற் கூரை, அடைத்தால் வேலி. கூரையிலும் வேலியிலும் கிடந்து மக்கிய ஓலையைக் கமக்காரன் குப்பையென்று எறிந்தானல்லன். தோட்டத்து மண்ணிலே தாழ்த்துப் பசளையாக்கினான். வேலியாய் நின்றது புகையிலைக்கு உணவாயிற்று. உலகப் பல்கலைக்கழகங்கள் இன்று வட்டப் பொருளாதாரம் என்று கற்பிப்பதனை நம்மூர்க் கமக்காரன் பெயரின்றியே நடத்தி வந்தான்.

நாற்சார் வீடும் அத்தகையதே. நடுவே வானம் பார்த்த முற்றம், நாற்புறமும் சார்ப்பு, தடித்த சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை. பனையின் வைரமே வளையும் கைமரமும் சிலாகையும் ஆயிற்று. தாழ்ந்து நீண்ட தாழ்வாரம் வெயிலைச் சுவரிற் படவிடாது. தடித்த சுவர் பகல் வெப்பம் உள்ளே புகுவதனைத் தாழ்த்தும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, அதன் இடத்தை நிரப்பப் புறத்துக் காற்று அறைகளினூடே வரும். மின்விசிறி பிறவா முன்னரே அவ்வீட்டிலே காற்றுக்கு வழி இருந்தது. மணல் பரந்த வளவு மழைநீரை உறிஞ்சிச் சுண்ணக்கல்லினுள்ளே சேமித்தது. வற்றாத ஆறொன்றில்லாத குடாநாட்டிற்கு நிலத்தடி நீரே உயிர். இன்று வளவு முழுவதையும் சீமெந்தால் மூடிவிட்டுக் கிணறு வற்றுகின்றது என்று வருந்துவோரை யான் பலவிடத்துங் காண்கின்றேன்.

பழமையின் உட்கருத்தை உணர்ந்து புதுமை செய்தாரும் இந்நாட்டில் உளர். கண்டியிற் பிறந்த மினெற் த சில்வா (1918–1998) அவருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர். அவர் இலண்டனிலே பயின்று, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் இடம்பெற்றவர். நவீன முறையிலே வீடு வகுத்த அவர், நெசவாளரையும் அரக்கு வேலை செய்வாரையும் மட்கலைஞரையும் அப்பணியிற் சேர்த்துக் கொண்டார். கண்டி வட்டப்புளுவையிலே அரச ஊழியர்க்கான வீட்டுத் திட்டம் 1950களில் அவர் பொறுப்பிலே உருவாயிற்று. அப்பொழுது அவர் செய்த காரியம் ஒன்று எக்காலமும் நினைக்கத்தக்கது. குடியிருக்கப் போவோரை அணுகி, உங்கள் வாழ்க்கை எத்தகையது, உங்களுக்கு வேண்டுவன யாவை என்று வினாக்கொத்துக் கொடுத்துக் கேட்டறிந்தார். விடைகள் வேறுபட்டன, ஆகவே வீட்டின் அமைப்புக்களும் வேறுபட்டன.

ஜெப்ரி பாவா (1919–2003) மற்றொருவர். இறக்குமதி கட்டுப்பட்ட 1960களின் தொடக்கத்திலே, கொழும்பிலே ஈனா த சில்வாவுக்கு அவர் கட்டிய வீடு முற்றங்களைச் சூழ அமைந்தது. ஓடும் மரமும் கல்லுமே அதன் உறுப்புக்கள். நகரத்துச் சிறு காணியிலும் நாற்சாரின் உயிர் வாழும் என்பதனை அது காட்டிற்று. 2009இன் பின்னர் அவ்வீடு பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, பெந்தோட்டையை அடுத்த லுணுகங்கையிலே மீண்டும் எழுப்பப்பட்டது. கழற்றிக் கட்டத்தக்க வீடு எத்துணைப் பேறுடையது! 1994இல் திறக்கப்பட்ட கண்டலம விடுதியோ குன்றைக் குடைந்தழிக்காமல் அதனைத் தழுவி நிற்பது. இப்போது கொடிகளும் மரங்களும் அதனை மறைத்துக் கொண்டன.

இனி, நம் நெஞ்சைச் சுடும் பொருளுக்கு வருவோம். 2009இல் போர் முடிந்தபொழுது வடக்கிலும் கிழக்கிலும் கூரையிழந்து நின்ற குடும்பங்கள் எண்ணிறந்தன. 2012இன் பின்னர் இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழ், பெரும்பாலும் உரிமையாளர் தாமே கட்டும் முறையில், வீடொன்றுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. தொகை போதாமையாற் பலர் கடன்பட்டனர். அதனை மறைத்தல் ஆகாது. எனினும் தம் வீட்டின் வாயில் எத்திசை நோக்க வேண்டும், அடுப்படி எங்கே அமைய வேண்டும் என்பனவற்றை அவர் தாமே தீர்மானித்தனர். ஊரிலுள்ள மேசனும் தச்சனும் கூலி பெற்றனர்.

2016இல் வேறொரு திட்டம் வந்தது. ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா வீதம், வெளிநாட்டு நிறுவனமொன்றின் வாயிலாக 65,000 உருக்கு வீடுகள் பொருத்தித் தருதல் என்பது அது. மாதிரி வீடுகளும் எழுப்பப்பட்டன. பொறியியலாளரும் கட்டடக்கலைஞரும் மக்கட் பிரதிநிதிகளும் வினாத் தொடுத்தனர். கடுங்கோடையிலே உருக்கு வீடு எத்தகைய வெப்பந் தரும்? உப்புக் காற்றிலே எத்தனை ஆண்டு நிற்கும்? குடும்பம் பெருகினால் ஓர் அறையை எவ்வாறு கூட்டுவது? உடைந்தால் உள்ளூரில் யார் திருத்துவார்? இவ்வினாக்களுக்குத் தக்க விடை கிடைத்திலது. எண்ணியபடி 65,000 வீடுகள் எழவுமில்லை. புதிய பொருள் என்பது அவ்வீட்டின் குற்றமன்று. வாழப்போகும் மனிதரைக் கேளாமல் வகுத்ததே குற்றம். வட்டப்புளுவையிற் கேட்கப்பட்ட வினா, அறுபதாண்டு கழித்து வன்னியிற் கேட்கப்படவில்லை.

பழையன யாவும் நல்லன என்று யான் வாதிடுவதாக எவருங் கருதற்க. பழைய சுவர்க்குச் சுண்ணாம்பு தேடிக் கடலின் முருகைக்கல்லை அகழ்ந்தோம். 2004இல் ஆழிப்பேரலை வந்தபோது, முருகைக்கல் அகழப்பட்ட பெரலியக் கரையிலே நீர் வெகுதூரம் உட்புகுந்ததனை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். மண்ணிலத்தை நாடோறும் மெழுகும் உழைப்புப் பெண்கள் தலைமேல் விழுந்தது. நாற்சார் வீட்டுத் திண்ணையும் முற்றமும் எல்லா மனிதரையும் ஒருபடித்தாய் வரவேற்றனவல்ல. இன்னார் இவ்வளவில் நிற்க என்று கோடு கிழித்த வீடுகளும் அவற்றுள் இருந்தன. காற்றுக்குத் திறந்த வாயில் மனிதருக்கு அடைத்திருந்தது என்றால், அவ்வீட்டிலே கொள்ளத்தக்கது காற்றின் வழியேயன்றி அக்கோடு அன்று. தள்ளுவன தள்ளிக் கொள்ளுவன கொள்ளுதலே கல்வி.

ஆதலின் சில கருத்துக்களை முன்வைக்கின்றேன். அரசு கட்டித் தரும் எவ்வீட்டுத் திட்டத்திலும் குடியிருப்போரை முதலிற் கேட்டல் வேண்டும். தாமே கட்டவிழைவோருக்கு அன்றைய விலைவாசிக்கேற்ற தொகை கொடுத்தல் வேண்டும். அழுத்திச் செய்த மண்கல்லுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2009இலேயே நியமம் வகுத்துள்ளது. அக்கல்லை நம்பிக் கட்டுதற்குரிய பயிற்சியை மேசன்மாருக்குத் தொழில்நுட்பக் கல்லூரிகள் அளிக்கலாம். கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும் பிரதேச சபைகள், எல்லை அளவோடு அமையாது, மழைநீர் நிலத்திற் சேர வழியுண்டா, காற்றுப் போக்குண்டா என்பனவற்றையும் நோக்கலாம்.

ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் ஒரு பணி உண்டு. எஞ்சி நிற்கும் நாற்சார் வீடுகள் ஆண்டுதோறும் அருகுகின்றன. மாணாக்கர் ஓர் அளவுநாடாவுடன் சென்று அவற்றை அளந்து வரைக. முதிய தச்சரிடம் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டு எழுதுக. வளை, கைமரம், சிலாகை என்னுஞ் சொற்கள் அகராதியில் மாத்திரம் எஞ்சும் நாள் வருமாயின், அவற்றோடு அத்தொழிலறிவும் மறைந்தொழியும். சொல்லைக் காத்தல் தமிழாசிரியர் கடமை என்பதனை எவரும் மறுப்பதில்லை. சொல் குறிக்கும் பொருளைக் காத்தலும் அக்கடமையின் பாற்பட்டதே.

முன்னோர் இல்லத்தையும் அறத்தையும் ஒன்றாகப் பிணைத்து இல்லறம் என்றனர். இல்லத்தை வகுப்பதிலும் அவ்வறம் விளங்குக. அங்கே வாழ்வாரையும், அதனைக் கட்டுவாரையும், அம்மண்ணில் இனிப் பிறப்பாரையும் எண்ணி எழுப்பும் மனையே நிலைபெறும்.