இரண்டாம் பேரேடும் எடுபிடி நிரல்களும்

நம் வயதுக்காரர்களுக்கு 'சர்வர்' என்றால் ஓட்டலில் தோளில் துண்டோடு வந்து, "சூடா என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்பவர்தான். 1964-இல் நாகேஷ் 'சர்வர் சுந்தர'மாக நடித்தபோது அந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. இன்று அதே சொல் நம் காதில் விழும் இடங்கள் வேறு. ரேஷன் கடையில் விரல் வைத்துவிட்டு நிற்கிறோம். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு உட்கார்ந்திருக்கிறோம். ஓய்வூதியர் நேர்காணலுக்குப் போகிறோம். "சர்வர் டவுன் சார், மத்தியானம் வாங்க" என்கிறார்கள். மலையடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த கிழவிக்கு அந்த மத்தியானம் என்பது ஒரு நாள் கூலி.

இந்த சர்வர் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இருக்கிறது. அது படுத்துவிட்டால் எழுப்புவது யார்? நான் வெகுநாள் வரை, ஒருவர் ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்டுவார் என்றே நினைத்திருந்தேன். என் மகள் வயிற்றுப் பேரன் சென்னையில் இதே துறையில் பரிசோதனை வேலை பார்க்கிறான். "பாதி நேரம் அது சர்வரே இல்ல தாத்தா, நெட்வொர்க்கா இருக்கும். மீதி நேரத்துலயும் ஆள் போகமாட்டாங்க. உள்ளேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கு, அதுகிட்டதான் சொல்வோம்" என்றான். பொங்கலுக்கு வந்தவனை இரண்டு நாள் உட்காரவைத்துக் கேட்டதன் பலன் இந்தக் கட்டுரை.

அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு பி.எம்.சி. என்று பெயர். சர்வர் மேலாண்மைக் கட்டுப்படுத்தி என்று சொல்லலாம். சர்வரின் தாய்ப்பலகையிலேயே அது ஒரு தனிச் சில்லு. அதற்குத் தனி மூளை, தனி நினைவகம், பெரும்பாலும் தனி நெட்வொர்க் வாசல். சர்வரை அணைத்துவைத்தாலும், மின் இணைப்பு இருக்கும்வரை இது விழித்திருக்கும். தோட்டத்து வீட்டில் முதலாளி உறங்கினாலும் காவலாள் உறங்குவதில்லை அல்லவா, அப்படி. சர்வரை ஏற்றுவது, அணைப்பது, உள்ளே சூடு எவ்வளவு, மின்விசிறி சுற்றுகிறதா, மின்னழுத்தம் சரியா என்று பார்ப்பது, தவறு நேர்ந்தால் குறித்துவைப்பது, எல்லாம் இதன் வேலை. நூறு மைல் தள்ளி உட்கார்ந்திருப்பவரும் இதன் மூலம் சர்வரின் திரையைப் பார்க்கலாம்.

இதனோடு பேசும் மொழிக்கு 1998-இல் இன்டெல், டெல், எச்.பி., என்.இ.சி. ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து ஐ.பி.எம்.ஐ. என்று ஒரு விதி வகுத்தன. 2015-இல் ரெட்ஃபிஷ் என்ற புதிய விதி வந்தது. 2018-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 'ஓப்பன் பி.எம்.சி.' என்ற திறந்த மென்பொருள் திட்டம் வந்தது. கூகுள், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் என்று எதிரும் புதிருமான நிறுவனங்கள் அதில் ஒன்று கூடின. நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. சுப்பிரமணியன் சங்கர் 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தின் 'மெகாராக்' மென்பொருள் உலகெங்கும் பல நிறுவனங்களின் சர்வர்களில் இந்தக் காவலாளுக்கு உயிராக இருக்கிறது. அந்த நிறுவனத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காவலாள் சரியாக வேலை செய்கிறானா என்று எப்படிச் சோதிப்பது? ஆளை வைத்துச் சோதித்தால் பத்துத் தடவையில் கை சலித்துவிடும். ஆகவே சோதிப்பதற்கும் நிரல் எழுதுகிறார்கள். பின்லாந்தின் நோக்கியா நெட்வொர்க்ஸில் பிறந்து 2008-இல் பொதுவுக்கு வந்த 'ரோபோ ஃபிரேம்வொர்க்' என்ற கருவி இதற்கு உதவுகிறது. 'சர்வரை ஏற்று, ஏறியதா பார், அணை, அணைந்ததா பார்' என்று ஏறக்குறைய பேச்சு மொழியிலேயே கட்டளை எழுதலாம். இராத்திரி முழுக்க நூற்றுக்கணக்கான தடவை அது தானே நடக்கும்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் சில சில்லறை வேலைகள் திரும்பத் திரும்ப வரும். உள்ளே நுழைவது, காத்திருப்பது, நிலையைக் கேட்பது, பதிவேட்டை எடுப்பது. ஒவ்வொரு சோதனையிலும் இதைத் திருப்பி எழுதாமல், ஒரே தடவை எழுதி வைத்துவிட்டு எல்லோரும் கூப்பிட்டுக்கொள்வார்கள். இவற்றுக்கு ஹெல்ப்பர் ஃபங்ஷன் என்று பெயர். பேரன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்த சொல் 'எடுபிடி'. கல்யாண வீட்டில் பந்தி நடப்பது சமையல்காரரால் என்று எல்லோரும் சொல்வார்கள். இலை எடுக்கிற, தண்ணீர் ஊற்றுகிற எடுபிடிகள் இல்லையென்றால் பந்தி நின்றுவிடும். ஆனால் அவர்களை யாரும் கவனிப்பதில்லை.

எடுபிடியைக் கவனிக்காமல் விடக்கூடாது என்பதுதான் என் கட்சி. அதற்கு நான் படித்த பிரெஞ்சிலிருந்து ஒரு சொல்லைச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் என் பள்ளிப்படிப்பு பிரெஞ்சு மொழியில். அங்கே 'கொந்த்ரோல்' என்றால் அடக்கியாளுவது என்பதைவிட, சரிபார்ப்பது என்பதே முதல் பொருள். ரயிலில் டிக்கெட் பார்ப்பவருக்கு 'கொந்த்ரோலேர்' என்று பெயர். அந்தச் சொல் பிறந்த கதை என் போன்ற எழுத்தருக்கு மிகவும் பிடித்த கதை. 'கொந்த்ர்' என்றால் எதிர், 'ரோல்' என்றால் சுருள், அதாவது பேரேடு. ஒருவர் எழுதும் கணக்குக்கு எதிராக இன்னொருவர் தனியே எழுதிவைக்கும் இரண்டாம் பேரேடுதான் 'கொந்த்ர்-ரோல்'. இரண்டையும் ஒப்பிட்டால் திருட்டோ தவறோ தெரிந்துவிடும். ஆங்கிலத்துக்குப் போய் 'கண்ட்ரோல்' ஆனபிறகு அதில் அதிகாரம் தூக்கலாகி, பேரேடு மறைந்துவிட்டது.

இரண்டாம் பேரேட்டுக்கு ஒரே நிபந்தனைதான். முதல் பேரேட்டைப் பார்த்து எழுதக்கூடாது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மாதாந்திரக் கணக்கு ஒத்திசைவு நினைவிருக்கும். நம் அலுவலகச் செலவுப் பதிவேட்டையும் கருவூலத்தின் கணக்கையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். சில இடங்களில் எப்படி நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். கருவூலத்தில் உள்ள தொகையை அப்படியே நம் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, கீழே 'ஒத்திசைவு செய்யப்பட்டது' என்று கையெழுத்து. கணக்கு அழகாக ஒத்துப்போகும். ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்?

எடுபிடி நிரல்களிலும் இதே ஆபத்து இருக்கிறது. 'சர்வரை அணை' என்று பி.எம்.சி.யிடம் சொல்கிறோம். பிறகு எடுபிடி நிரல் அதே பி.எம்.சி.யிடம் போய், "அணைந்ததா?" என்று கேட்கிறது. "அணைந்தது" என்கிறது. சோதனை தேறியது என்று பச்சைக்கொடி. காவலாளிடமே, "நேற்று ராத்திரி தூங்கினாயா?" என்று கேட்டு, "இல்லைங்க ஐயா" என்று அவன் சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்வதற்கு இது எந்த வகையில் மேல்?

நல்லபடி எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஓப்பன் பி.எம்.சி. திட்டத்தின் சோதனை நிரல்கள் யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கின்றன. பேரன் அதில் ஒரு பகுதியைக் காட்டி விளக்கினான். சர்வர் ஏறிவிட்டதா என்று பார்க்க அங்கே ஒரு சாட்சியோடு நிறுத்துவதில்லை. பெட்டிக்கு மின்சாரம் போகிறதா, சர்வரின் நிலை என்ன என்று பி.எம்.சி.யிடம் கேட்கிறார்கள். அதோடு விடாமல், சர்வரின் இயங்குதளத்தையே நேரே கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். குரல் கொடுக்கிறதா? உள்ளே நுழைய முடிகிறதா? ஒரு கட்டளை கொடுத்தால் செய்கிறதா? முதலில் கேட்டது காவலாளின் வாய்மொழி. பின்னால் கேட்ட மூன்றும் வீட்டுக்காரரின் சொந்தக் குரல். இரண்டும் ஒத்தால்தான் தேர்ச்சி. தவறு நேர்ந்தால் அந்த நிமிடமே எல்லாப் பதிவுகளையும் திரட்டிக் கட்டிவைத்துவிடுகிறார்கள். சம்பவ இடத்திலேயே மகஜர் எழுதுவது போல.

இன்னொரு சங்கதி. எடுபிடி நிரல்களில் 'கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கேள்' என்று ஒரு வகை உண்டு. சர்வர் ஏறச் சில நிமிடங்கள் ஆகும், ஆகவே அது தேவைதான். ஆனால் பத்துத் தடவை கேட்கச் சொல்லி, ஒன்பது தடவை தவறி, பத்தாவதில் சரியானால், அறிக்கையில் வெறும் 'தேறியது' என்று மட்டும் வந்தால் என்ன செய்வது? அந்த ஒன்பது தவறுகளும் எங்கே போயின? நாளைக்கு நம் ரேஷன் கடையில் அவைதான் 'சர்வர் டவுன்' என்று வந்து நிற்கும். பத்து மணி அலுவலகத்துக்குப் பதினொன்றரைக்கு வந்தவருக்கும் வருகைப் பதிவேட்டில் வெறும் கையெழுத்துதான் இருக்கும். வந்த நேரத்தையும் எழுதச் சொன்னால்தான் பதிவேட்டுக்கு அர்த்தம்.

"இதெல்லாம் பெரிது பண்ண வேண்டுமா?" என்று கேட்பவர்களுக்கு 2025-இல் நடந்ததைச் சொல்கிறேன். மெகாராக் மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பதை எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் அந்த மார்ச்சில் வெளியிட்டது. கடுமைக்கு அளவுகோலில் 10-க்கு 10. கடவுச்சொல் இல்லாமலே வெளியாள் பி.எம்.சி.க்குள் நுழைந்துவிடலாம். எப்படித் தெரியுமா? வருகிறவர், "நான் இந்த வீட்டுக்கு உள்ளேயிருந்துதான் கூப்பிடுகிறேன்" என்று தன் கோரிக்கையிலேயே எழுதி அனுப்பினால் பி.எம்.சி. அதை நம்பிவிடும். அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் அந்த மாதமே திருத்தம் வெளியிட்டுவிட்டது. ஆனாலும் அதை ஒவ்வொரு சர்வர் தயாரிப்பாளரும் வாங்கி, ஒவ்வொரு தரவு மையமும் போட்டுக்கொள்ள வேண்டுமே. ஜூன் மாதம், உண்மையாகவே தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் அமெரிக்காவின் சிசா என்ற அரசு முகமை இதைச் சேர்த்தது. இங்கேயும் வியாதி அதுதான். ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொன்னதை இரண்டாம் பேரேடு இல்லாமல் நம்புவது.

நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்குவதை நம்பித்தான் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்கள் இருக்கின்றன. 2014 மே மாதம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அதோடு மூவர் கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. மத்திய நீர்வள ஆணையத்தின் சார்பில் ஒருவர், இரு மாநிலங்களுக்கும் ஒவ்வொருவர். தண்ணீர் யாருக்கு, அணை எப்படி என்ற வழக்கில் எந்தப் பக்கம் நின்றாலும், ஒரு மாநிலத்தின் பேரேட்டை மட்டும் நம்பி முடிவு செய்வதில்லை என்ற முறையை யாரும் குறை சொல்ல முடியாது. போடியில் ஏலக்காய் ஏலம் இப்போது கணினியில்தான் நடக்கிறது. ஆனாலும் வியாபாரி சரக்கின் மாதிரியைத் தன் கையால் எடுத்து, நிறமும் பருமனும் பார்த்தபிறகுதான் விலை கேட்கிறார். திரையில் எழுதியிருப்பது ஒரு பேரேடு, அவர் உள்ளங்கை இன்னொரு பேரேடு.

ஆகவே நான் கேட்பது மூன்று. அரசுக்கு சர்வர் வாங்கும்போது, விலைப்புள்ளியோடு சோதனை அறிக்கையும் கேட்க வேண்டும். அந்த அறிக்கையில் ஒவ்வொரு முடிவும் பி.எம்.சி.யின் வாய்மொழியால் மட்டும் வந்ததா, வேறு வழியிலும் உறுதியானதா என்று இருக்க வேண்டும். இரண்டாவது, எத்தனை தடவை கேட்டபிறகு தேறியது என்ற எண்ணிக்கை மறையக்கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். எடுபிடி நிரலையே சோதிக்க வேண்டும். வேண்டுமென்றே மின்விசிறியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். எடுபிடி கூச்சல் போடுகிறதா, இல்லை, "எல்லாம் நலம்" என்கிறதா? கருவூலப் பெட்டகத்தை முன்னறிவிப்பின்றித் திறந்து எண்ணச் சொன்ன நம் பழைய விதிகளுக்கு இதே காரணம்தான்.

செலவு கூடும், நாள் கூடும் என்பார்கள். உண்மைதான். இரண்டாம் பேரேட்டுக்கு எப்போதுமே தனி ஆளும் தனி மையும் தேவைப்பட்டன. அதை மிச்சம் பிடித்த அலுவலகங்கள் பிறகு எதை இழந்தன என்பதைத் தணிக்கைக்காரர்கள் அறிவார்கள். எடுபிடி நிரல் எழுதுவது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சில்லறை வேலை என்று பேரன் சொன்னான். நான் அவனிடம் சொன்னேன்: "சில்லறை வேலைன்னு நினைக்காதேடா. பெரிய அதிகாரி ஒரு கோப்பில் தப்புப் பண்ணினா அந்தக் கோப்பு மட்டும்தான் கெடும். எல்லோரும் பார்த்து எழுதுற மாதிரிப் படிவத்துல எழுத்தர் ஒரு தப்பு வைச்சா, அலுவலகத்துல இருக்கிற எல்லாக் கோப்பும் கெடும். நீ எழுதுறது படிவம்."

அவன் சிரித்தான். ஆனால் குறித்துக்கொண்டான்.